ஞாயிற்றுக்கிழமையை விற்றுக் கடனை அடைக்கலாமா?

2025 பிப்ரவரி 9, காலை. ஓசூர் வாசகர் ஒருவரின் கேள்வி

எனக்கு 29 வயது. வீட்டுக் கடன் 30 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம், மாதத் தவணை 26,000. ஃபேக்டரியில் ஞாயிறும் ஓ.டி. கிடைக்கிறது. வாரம் விடாமல் போனால் 10 வருடத்துக்குள் கடன் முடிந்துவிடும். அதற்கப்புறம் சேர்க்க ஆரம்பித்தால் 45 வயதில் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம். அதுவரை ஓய்வு, ஊர்சுற்றல், நண்பர்கள் எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். இதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

2025 பிப்ரவரி 9, இரவு

தம்பி, நீங்கள் செய்யப்போவதை நான் செய்து முடித்தவன். அதனால் நேராகவே எழுதுகிறேன்.

2012 ஜூலையில் கூடுவாஞ்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் வாங்கினேன். கடன் 22 லட்சம், வட்டி 10.5 சதவீதம், 20 வருடம். தவணை 21,960 ரூபாய். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொன்னது அதே 2012 ஜூனில்தான். அந்தச் செய்தியைப் படித்த அன்றே 20 வருடத்தை 9 ஆக்குவது என்று முடிவு செய்தேன். அதற்கு மாதம் இன்னொரு 9,600 ரூபாய் வேண்டும்.

எனக்கு வேலை கிண்டி தொழிற்பேட்டையில், கணக்குப் பிரிவில். ஓ.டி. கிடையாது. அதனால் எங்கள் பக்கத்துக் கடைகளுக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். ஹார்டுவேர் கடை, மருந்துக் கடை, இரண்டு மளிகைக் கடை. ஞாயிறு காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் பில் கட்டுகளை டேலி என்கிற கணக்கு மென்பொருளில் ஏற்றி முடிக்க இருட்டிவிடும். முதலில் வாட் ரிட்டர்ன், 2017 ஜூலைக்கு அப்புறம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடக் கெடு என்பதால் மாதம் தவறாமல் 11-ம் தேதி ஒரு இரவு, 20-ம் தேதி ஒரு இரவு தூக்கம் போய்விடும்.

2021 ஆகஸ்டில் கடன் முடிந்தது. பத்திரத்தை வாங்கிக்கொண்டு வங்கியிலிருந்து வெளியே வந்த சந்தோஷத்தை இப்போதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். 18 லட்சம் வட்டி மிச்சம். ஆனால் அடுத்த ஞாயிறு காலை 9 மணிக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கூடத்தில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். 11 மணிக்கு ஹார்டுவேர் கடைக்காரருக்கு நானே போன் செய்து பில் இருந்தால் அனுப்புங்கள் என்றேன். கடன் முடிந்தும் எட்டு மாதம் அதே வேலையைச் செய்தேன்.

எல்லா ஞாயிறையும் விற்காதீர்கள். கடனை வேகமாக அடையுங்கள், ஆனால் வேறு வழியில். வழியை நாளை மறுநாள் எழுதுகிறேன்.

2025 பிப்ரவரி 11

இன்று 11-ம் தேதி, ஒரே ஒரு கடைக்கு மட்டும் ரிட்டர்ன் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் கடனில் வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டுங்கள். 12-க்குப் பதில் 13. வட்டி 8.5-லேயே நின்றால் 20 வருடம் பதினாறரை ஆகும். தீபாவளி போனஸில் முடிகிற விஷயம் இது. சம்பளம் ஏறும்போதெல்லாம் ஏற்றத்தில் பாதியைத் தவணையில் சேர்த்தால் இன்னும் குறையும். இதில் எதற்கும் ஞாயிறு தேவையில்லை.

இன்னொன்று. ஃபேக்டரியில் ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் தருகிறார்களா என்று பாருங்கள். 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டப்படி அது உங்கள் உரிமை. ஞாயிறு வேலை வாங்கினால் முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் மாற்று விடுப்பு தர வேண்டும். முழுநாள் விடுப்பில்லாமல் 10 நாளுக்கு மேல் தொடர்ச்சியாக வேலை வாங்கவும் கூடாது. மாற்று விடுப்பே எடுக்காமல் நீங்கள் சொல்கிற "வாரம் விடாமல்" சட்டத்திலேயே இல்லாதது.

2025 பிப்ரவரி 16

நேரத்துக்கு விலை போடுவது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் 2022-ல் போட்ட கணக்கு இது.

கைக்கு வந்த சம்பளம் 62,000. மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி என்று வைத்தால் மணிக்கு 310 ரூபாய். ஆனால் ஆபீஸில் இருப்பது 9 மணி நேரம். வீட்டுக் கதவிலிருந்து ஆபீஸ் நாற்காலி வரை ஒன்றரை மணி, திரும்ப ஒன்றரை மணி. ஆக மாதம் 300 மணி. வேலைக்குப் போவதாலேயே ஆகும் செலவு (சீசன் டிக்கெட், டீ, மழை நாளில் ஆட்டோ, களைத்து வந்து ஹோட்டலில் வாங்கும் இட்லி) எனக்கு மாதம் 5,000. மிச்சம் 57,000. அதை 300-ஆல் வகுத்தால் 190 ரூபாய்.

310 என்று நினைத்திருந்தது 190 என்றானதும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

2025 பிப்ரவரி 23

முதல் குறிப்பில் 18 லட்சம் மிச்சம் என்று எழுதியது தவறு. வங்கியில் வேலை பார்த்த ஒரு பெரியவர் சுட்டிக்காட்டினார், அவர் சொல்வது சரி.

10.5 சதவீதமே 20 வருடமும் ஓடும் என்று வைத்து நான் கணக்குப் போட்டிருந்தேன். நடந்தது வேறு. 2020 மே மாதம் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 4 சதவீதத்துக்கு இறங்கியது. வீட்டுக் கடன் 7-க்கும் கீழே கிடைத்த காலம் அது. நான் அவசரப்படாமல் இருந்திருந்தாலும் வட்டி தானாகவே குறைந்திருக்கும். நேற்று உட்கார்ந்து திரும்பப் போட்டதில் மிச்சம் 10 லட்சத்தைத் தாண்டவில்லை. வட்டிக்குக் கிடைக்கிற வருமான வரிச் சலுகையையும் கழித்தால் இன்னும் குறையும்.

கணக்குப் பிரிவில் இருப்பவன் நாலு வருடமாக இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று யோசித்தேன். கொடுத்தது பெரிதாக இருந்ததால் வாங்கியதும் பெரிதாக இருக்க வேண்டும் என்று மனம் கேட்டிருக்கிறது.

2025 மார்ச் 9

அந்த 190 ரூபாய்க் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதைப் போட்ட புதிதில் எல்லாவற்றையும் அதை வைத்தே அளந்தேன். கோயம்பேடு போய்க் காய்கறி வாங்கினால் 150 ரூபாய் மிச்சம், போகவர மூன்று மணி, ஆகவே நஷ்டம் என்று நிறுத்தினேன். மாதச் சம்பளக்காரனுக்கு இது பாதிதான் உண்மை. மிச்சமான மூன்று மணியை யாரும் 570 ரூபாய் கொடுத்து வாங்கப் போவதில்லை. சம்பளம் மூட்டையாகத்தான் வருகிறது, பிரித்து எடைபோட்டு விற்க முடியாது. அதோடு கோயம்பேடு எனக்குப் பிடித்த இடம். விடியற்காலையில் லாரியிலிருந்து வாழைத்தார் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பது செலவுக் கணக்கிலா வரும்? இப்போது மாதம் ஒரு தடவை போகிறேன்.

ஒரு வேலைக்குச் சரி என்றோ முடியாது என்றோ சொல்கிற அந்த நிமிடத்தில் மட்டும் அந்த எண்ணை எடுத்துப் பாருங்கள்.

2025 மார்ச் 30

பேச்சு 25 மடங்குக்குப் போய்விட்டது. வருடச் செலவைப் போல் 25 மடங்கு சேர்த்தால் வேலையை விடலாமா என்று கேட்கிறீர்கள். மாதம் 40,000 செலவென்றால் வருடம் 4.8 லட்சம், 25 மடங்கு 1.2 கோடி. இந்த விதியின் வேர் வில்லியம் பெங்கன் என்கிற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல் செய்த கணக்கு. முதல் வருடம் 4 சதவீதம் எடு, அப்புறம் விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக்கொள், 30 வருடம் தாங்கும் என்பது அது. அமெரிக்கப் பங்கும் அமெரிக்கக் கடன் பத்திரமும் வைத்துப் போட்டது. 45 வயதில் நிற்கிற நமக்கு 30 வருடம் போதாது. விலைவாசி 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் 40,000 என்பது 80,000. நான் 33 மடங்கு என்று வைத்திருக்கிறேன், 1.58 கோடி. நான் இன்னும் அதன் பக்கத்தில்கூட இல்லை.

ஷார்ஜாவிலிருந்து எழுதிய நண்பர் சொன்னதைப் படித்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை 45 நாள் லீவு. அந்த 45 நாளுக்குள் ஒரு கல்யாணம், வீட்டுப் பூச்சு வேலை, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிறை விற்கலாமா கூடாதா என்று யோசிக்கிற இடத்தில் நாம் இருப்பதே கொடுப்பினை.

2025 ஏப்ரல் 20

நேற்றிலிருந்து பீச்–செங்கல்பட்டு தடத்தில் ஏசி மின்சார ரயில் ஓடுகிறது. பெருங்களத்தூர் வரை நின்றுகொண்டு வியர்க்கிற எங்களுக்குப் பெரிய செய்திதான். ஆனால் எழுத வந்தது சனிக்கிழமை பற்றி.

2023 ஏப்ரலில் முதலாளியிடம் போய், சனிக்கிழமை வேண்டாம், அதற்குச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு முதலில் புரியவேயில்லை. வேறு எங்கோ வேலை தேடுகிறேன் என்று நினைத்தார். மூன்று வாரம் இழுத்து 62,000-ஐ 54,000 ஆக்கினார். மாதம் நாலு சனி, பயணத்தோடு சனிக்கு 12 மணி, மொத்தம் 48 மணி. அதற்கு நான் கொடுத்தது 8,000. மணிக்கு 167 ரூபாய். நான் விற்ற விலையைவிடக் குறைவாக என் நேரத்தை நானே திரும்ப வாங்கினேன். 1.58 கோடி சேரும்வரை காத்திருந்தால் அந்தச் சனிக்கிழமைகள் என் அறுபது வயதில்தான் வந்திருக்கும்.

இப்படிக் கேட்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குறைப்பது அடிப்படைச் சம்பளத்திலா, (வீட்டு வாடகை, பயணம் மாதிரி) படிகளிலா என்று பாருங்கள். வேலையை விடும்போது கிடைக்கும் கிராச்சுவிட்டியின் கணக்கு கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15/26-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடத்தால் பெருக்குவது. என் அடிப்படை 30,000. 16 வருடத்துக்கு 2,76,900 வருகிறது. 26,000-ஆகக் குறைந்திருந்தால் 2,40,000. எட்டாயிரத்தில் ஒரு பகுதி அடிப்படையில் கை வைத்தாலே 36,900 போயிருக்கும், பி.எஃப்.பும் சுருங்கியிருக்கும். நான் படிகளில் மட்டும் குறைக்கச் சொல்லி எழுதி வாங்கினேன்.

2025 மே 25

தம்பி மறுபடி கேட்டிருக்கிறார்: "45-க்கு அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து அனுபவித்துக்கொள்ளலாமே அண்ணா?"

பர்வதமலை பற்றிச் சொல்கிறேன். திருவண்ணாமலை மாவட்டம், 4,560 அடி. 2005-லிருந்து 2012 வரை வருடம் ஒரு பௌர்ணமிக்கு ஆறு பேர் போவோம். சனி மாலை போளூர் பக்கம் இறங்கி, இரவு ஏற ஆரம்பித்து, விடியும்போது மேலே மல்லிகார்ஜுனரைப் பார்த்துவிட்டு இறங்குவது வழக்கம். கடைசிப் பகுதி செங்குத்துப் பாறை. கடப்பாறைகளை அடித்துச் சங்கிலி கட்டியிருப்பார்கள். நிலா வெளிச்சத்தில் அதைப் பிடித்து ஏறும்போது பேச்சு நின்றுவிடும், மூச்சு மட்டும்தான் கேட்கும். ஞாயிறு மதியம்தான் வீடு திரும்ப முடியும் என்பதால் 2013-ல் நான் வரவில்லை என்றேன். அடுத்த வருடம் இன்னொருவன். 2016-க்கு அப்புறம் யாருமே போகவில்லை.

2022-ல் தேடிப் பிடித்து நாலு பேரைக் கூட்டினேன். ஒருவன் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறான். இன்னொருவன் ராத்திரி முழுக்க ஆபீஸ் போனில். எனக்கு ஒன்பது வருடம் உட்கார்ந்தே எழுதியதில் வலது முழங்கால் கெட்டிருந்தது. கடப்பாறைப் பாறைக்குக் கீழே நின்று மேலே பார்த்தேன். இறங்கும்போது இந்தக் கால் தாங்காது என்று தெரிந்தது. அங்கிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

பணத்தைப் போட்டு வைத்தால் அது அங்கேயே இருக்கும், வட்டியும் தரும். மலை ஏறுகிற காலும், வா என்றால் வருகிற ஆறு பேரும் அப்படி இருக்கவில்லை. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

2025 ஜூலை 20

இந்தக் குறிப்புகளை என் மனைவி போன வாரம் முதலிலிருந்து படித்தாள். முழுக்கப் படித்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "உங்க ஞாயிறு மட்டும்தான் கணக்குல வருதா?"

ஒரு வாரமாக எழுத முடியவில்லை. அவள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

2014 ஜூன் வரை அவள் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். சம்பளம் 7,000. மகளுக்கு அப்போது மூன்று வயது. மாலையில் அவள் வீடு வர ஐந்து மணி, நான் வர எட்டு. வந்த கையோடு பில் கட்டைப் பிரித்துவிடுவேன். ஞாயிறும் அப்படியே. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, கேஸ் புக்கிங், என் அம்மாவுக்கு மாத்திரை எல்லாம் அவள் தலையில். ஒரு வருடம் முயன்று பார்த்துவிட்டு வேலையை விட்டாள். நாங்கள் சண்டை போடவில்லை, பேசி முடிவெடுக்கவும் இல்லை. அவள் விட்டாள், நான் சரி என்றேன். அன்று இரவும் டேலி ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது கணக்கு. ஒன்பது வருடத்தில் கடைக் கணக்கு எழுதி நான் கூடுதலாகச் சம்பாதித்தது மாதம் 9,600 வீதம் 10.37 லட்சம். கடன் முடியும் வரையிலான ஏழு வருடத்தில் அவள் இழந்தது, ஒரு ரூபாய் ஏற்றம்கூட வைக்காமல், 5.88 லட்சம். வீட்டுக்கு உண்மையில் கூடியது 4.49 லட்சம். ஒன்பது வருடத்தில் 468 ஞாயிறு. ஞாயிறுக்கு 960 ரூபாய். 11-ம் தேதி, 20-ம் தேதி இரவுகள் இதில் சேரவில்லை. அவளுடைய ஞாயிறும் சேரவில்லை. நான் உட்கார்ந்திருந்த 468 ஞாயிறும் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

2019-ல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று எடுத்தார்கள். வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளில் அதற்குக் கொடுக்கும் நேரம் 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம், அதுவும் நூற்றுக்கு 26 ஆண்கள்தான் செய்கிறார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த ஞாபகம் இருக்கிறது. அப்போது அது வேறு யாரையோ பற்றியது போலத்தான் படித்தேன்.

ஏப்ரல் குறிப்பில் "என் நேரத்தை நானே திரும்ப வாங்கினேன்" என்று எழுதியிருந்தேன். அதையும் திருத்த வேண்டும். சனிக்கிழமை கிடைத்த முதல் வருடம் நான் தூங்கினேன், நூலகம் போனேன், கோயம்பேடு போனேன். அவளுக்கு அது இன்னொரு ஆளுக்கு மதியம் சமைக்கிற நாள். சம்பளத்தில் குறைந்த 8,000-க்கு ஏற்ப மாதச் செலவைச் சுருக்கியதும் அவள்தான். நான் வாங்கினேன், பாதிக் காசு அவள் கொடுத்தாள்.

2025 ஆகஸ்ட் 3

நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். "பெண்கள் விட்டுக்கொடுப்பது இயல்புதானே" என்றவருக்குப் பதில் எழுதப் போவதில்லை.

மதுரை அக்கா சொன்னது முக்கியம். அவர் தனியாளாக அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார், சம்பளத்தைக் குறைத்துச் சனிக்கிழமையை வாங்கத் துணிந்தால் மருந்துக்கு இடிக்கும். உண்மைதான். 2021-ல் கடன் முடிந்திருந்ததால்தான் 2023-ல் முதலாளி முன்னால் என்னால் நிமிர்ந்து கேட்க முடிந்தது. தவணை ஓடிக்கொண்டிருந்தால் கேட்டிருக்க மாட்டேன். கடனை அடைத்ததே தவறு என்று நான் எழுதியதாகச் சிலர் எடுத்துக்கொண்டீர்கள். அப்படி இல்லை. 13 வருடத்தில் முடித்திருந்தாலும் போதும் என்கிறேன். அந்த நாலு வருட அவசரத்துக்குத்தான் பாதி ஞாயிறும் என் மனைவியின் வேலையும் போயின.

அக்கா, உங்களுக்கு இப்போதைக்கு ஆறு மாதச் செலவுப் பணம் தனியாகச் சேர்ந்தாலே பெரிய விடுதலை. சனிக்கிழமை அப்புறம் வரட்டும்.

2025 நவம்பர் 30

ஏப்ரலில் சொன்ன அடிப்படைச் சம்பள விஷயத்தில் ஒரு மாற்றம். நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பிப்ரவரியில் நான் சொன்ன 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்திலும் இப்போது இவைதான், அதனால் அந்த மாற்று விடுப்பு, 10 நாள் விதிகளைப் பழைய சட்டம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இனி படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கில் வரும். ஆகவே சம்பளத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் பழைய சீட்டை மட்டும் பார்க்காமல், புதிய விளக்கப்படி எது ஊதியம் என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

2025 டிசம்பர் 12

ஓசூர்த் தம்பி எழுதியிருக்கிறார். மாதம் இரண்டு ஞாயிறு மட்டும் ஓ.டி., தீபாவளி போனஸில் ஒரு தவணை கூடுதலாகக் கட்டிவிட்டாராம். மற்ற இரண்டு ஞாயிறில் ஒன்று வாலிபால். இன்னொன்றைப் பற்றி எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. வருகிற தை மாதம் அவருக்குக் கல்யாணம். வரப்போகிற பெண் ஓசூரிலேயே வேலை பார்க்கிறார், அவர் வேலையும் நேரமும் கெடாமல் தவணையை எப்படி வைப்பது என்று கேட்கிறார். பிப்ரவரியில் கேட்ட கேள்வியைவிட இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இருவர் சம்பளமும், போகவர ஆகும் நேரமும், வீட்டு வேலையில் யார் எது என்பதும் எழுதி அனுப்புங்கள் தம்பி. தாளில் மூன்று பத்தியாகப் போட்டுப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் ஜூன் மாதத்திலிருந்து என் மனைவி மறுபடி வேலைக்குப் போகிறாள், ஒரு பள்ளி நூலகத்தில், 12,000 ரூபாய். சனிக்கிழமைகளில் காஞ்சிபுரத்தில் அவள் அக்கா வீட்டுக்குத் தனியாகப் போய்விட்டு இரவுதான் வருகிறாள். நாளை சனி. மூன்று வேளைச் சமையலும் என்னுடையது, புளிக்குழம்பு என்று மகள் சொல்லிவிட்டாள். ஆகவே உங்கள் கணக்கை நான் பார்ப்பது ஞாயிறு காலையில்.